கடைசி உருப்படி

“அந்த அண்ணனுக்கு வீடே கிடையாதா ஆன்ட்டி? எப்பவும் எங்க பின்சந்துலயே நிக்கிறாரு.”

இரண்டாம் மாடி அனுப்ரியாவின் அண்ணன் மகள் போன மாதம் இப்படிக் கேட்டபோது, இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் சிரித்துவிட்டாள். இன்று அதை நினைத்தாலே நெஞ்சு பதறியது.

காலையில், தேய்க்கக் கொடுத்த புடவையை வாங்க வந்த அனுப்ரியாவை இஸ்திரி வண்டியருகே நிறுத்தினாள்.

“நில்லு பாப்பா. ஒருத்தன் உன் பின்னாலயே சுத்திக்கினு கீறானாமே. மெய்யா?”

அனுப்ரியா தயங்கினாள். “மொதல்ல வாசல்ல பூ வச்சுட்டுப் போனான்க்கா. அப்புறம் ஓயாம போன். நம்பரை பிளாக் பண்ணேன். தி.நகர்ல நான் வேலை செய்யற கடைக்கே வந்துட்டான். ‘எனக்குக் கெடைக்கலேன்னா யாருக்கும் கெடைக்க விடமாட்டேன்’ங்கறான்.”

“இன்னும் இன்னாத்துக்கு வாய மூடிக்கினு கீற? டேசன்ல எழுதிக் குடு.”

“முடியாதுக்கா. அவங்கம்மா ரொம்ப நல்லவங்க. கேட்டா ஒடஞ்சு போயிடுவாங்க.”

“ஒடஞ்சா ஒடையட்டும். அவ மனசு நோவக் கூடாதுன்னு நீ உசுர உடுவியா? இன்னா நாயம் இது?”

“போகப் போக அவனே விட்டுடுவான்க்கா.”

“பூ வச்சவன் போன் பண்ணான். போன் பண்ணவன் கடைக்கே வந்துட்டான். இதுல விட்டுடற மாதிரி எங்க கீது?”

அனுப்ரியா புடவையை வாங்கிக்கொண்டாள். “கஞ்சி நல்லா நிக்குதுக்கா” என்று அதைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். பைகளைத் துழாவிப் பார்க்காமல் அவள் எந்தத் துணியிலும் பெட்டி வைக்கமாட்டாள். நேற்று ஊருக்கெல்லாம் தேய்த்து முடித்துக் கடைசி உருப்படியை எடுத்தாள். ஒருநாள் உடுத்திய பேண்ட். அதன் பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. கத்தியைச் சுற்றி அனுப்ரியாவின் போட்டோ.

மத்தியானம் வண்டியைத் தார்ப்பாயால் மூடினாள். கற்பகாம்பாளை மனதுக்குள் கும்பிட்டபடி, தனியாகவே மகளிர் காவல் நிலையத்துக்கு நடந்தாள். கத்தியையும் போட்டோவையும் மேஜைமேல் வைத்து, அவன் பெயரும் விலாசமும் சொன்னாள்.

“சுரேஷ்குமார்” என்று எழுதிக்கொண்டார் பெண் எஸ்.ஐ. “அந்தப் பொண்ணு பேசணுமேம்மா.”

“பையனோட அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க மேடம். அப்புறம் பேசும்.”

“சரி. இன்னிக்கே அவனைப் பிடிச்சுடறோம்.”

“அடிக்காதீங்க மேடம். அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான. கைய ஓங்கறதுக்கு முன்னாலயே புடிச்சுட்டா ரெண்டு உசுரும் பொழச்சுக்கும்.”

எஸ்.ஐ. அவளை வியப்போடு பார்த்தார். காகிதத்தை நகர்த்தி வைத்துவிட்டு, “கையெழுத்துப் போடுங்க, தண்ணி கொண்டாறேன்” என்று எழுந்து போனார்.

அறையில் யாருமில்லை. தங்கபுஷ்பத்தின் மனம் ஏனோ லேசாகியிருந்தது. போன வருஷம் ஆபரேஷனில் தனக்கு ரத்தம் கொடுத்துக் காப்பாற்றிய அனுப்ரியாவை நினைத்து ஒருமுறை கைகூப்பினாள். பிறகு, தன் ஒரே மகனின் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.