இடம் கிடைத்தவள்

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த தமயந்திக்குப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கணவன் பைகளோடு பின்னால் நின்றான். நெரிசலில் தள்ளாடிய ஒருத்தி, "அக்கா, பாப்பாவக் கொஞ்சம் மடில வச்சுக்கங்க" என்று பதிலுக்குக் காத்திராமல் கைக்குழந்தையை நீட்டினாள். வாங்கியதும் அது வீறிட்டது. "அழாத இளவெயினி, அம்மா இங்கதான இருக்கேன்" என்றாள் நின்றவள். தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். மாதக்கணக்கில் தேடி, கணவனிடம் மட்டும் சொல்லி அவள் பொத்திவைத்திருந்த பெயர் அது. தன் குழந்தையைப் புதைக்கக் கொண்டுபோனபோது ஒருவரும் பெயரைக் கேட்கவில்லை. "இளவெயினி" என்று அவளும் ஒருமுறை கூப்பிட்டாள். குழந்தை அழுகையை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தது. பால் சுரந்து அவள் ரவிக்கை நனையத் தொடங்கியது. "எங்க ஸ்டாப் வந்துருச்சு, பாப்பாவக் குடுங்கக்கா." தமயந்தி முந்தானையை இழுத்துக் குழந்தையை மூடினாள்.