நாலாவது நிபந்தனை

"மஞ்சள் கலர்ல கடையே வைக்கக் கூடாதுன்னு யார் சொன்னது? தாராளமா வைக்கலாம். நாலு நிபந்தனை, அவ்வளவுதான்" என்றார் அதிகாரி.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் நகரத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது. குடியிருப்புப் பகுதி மஞ்சள், கடைவீதி சிவப்பு, தொழிற்சாலை ஊதா. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அந்த அம்மாளுக்கு அத்தனையும் தலைகீழ்ப் பாடம். தெருப்பேரைச் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கலரைச் சொல்லிவிடுவார்.

எதிரே உட்கார்ந்திருந்த டெய்லரும் லேசுப்பட்டவள் அல்ல. அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்திருந்தாள். வீட்டு முன்னறையில் தையல் கடை. அனுமதி வாங்கு, இல்லாவிட்டால் இந்த மாசத்தோடு மூடு என்று நோட்டீஸ் வந்திருந்தது. அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"கேளுங்க மேடம். போன தடவை நீங்க குடுத்த விதிப் புத்தகத்தை ஒரு வரி விடாம படிச்சிருக்கேன்."

"கடை, வீட்டுல கால்வாசியைத் தாண்டக் கூடாது."

"வீடு அறுநூறு சதுர அடி. முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு. நானே டேப் பிடிச்சு அளந்தேன்."

"வெளியாள் யாரும் வேலைக்கு இருக்கக் கூடாது."

"என் ரெண்டு கைதான்."

"வாசல்ல போர்டு?"

"நான் தைச்சதைப் போட்டுக்கிட்டுத் தெருவுல நடக்கிறாங்களே, அவங்கதான் எனக்கு போர்டு."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. டைப் அடித்த விண்ணப்பத்தில் மூன்று டிக் போட்டார். பிறகு ஃபைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, எழுத்து வெளியே தெரியாதபடி பிடித்துக்கொண்டார்.

"நாலாவதுலதான் இடிக்குது. கடை நடத்துறவங்க அந்த வீட்டுலயே குடியிருக்கணும். நீங்க அங்க இல்லைன்னு ஆட்சேபம் வந்திருக்கு. காலையில ஒன்பதுக்கு வர்றீங்களாம், சாயந்திரம் ஆறுக்குக் கிளம்பிடுறீங்களாம்."

டெய்லரின் முகம் சிவந்தது. "எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"பேர் போடலை. போட்டிருந்தாலும் சொல்ல மாட்டேன். உண்மையா, இல்லையா?"

"உண்மைதான். நாலு மாசமா அக்கா வீட்டுல இருக்கேன்."

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். வீட்டுப் பத்திரம் அவன் பேரில் என்பதால் அவனையும் வரச் சொல்லியிருந்தார்கள். வந்ததிலிருந்து மின்விசிறி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

"என்னங்க சண்டை?" என்று அவனைக் கேட்டார் அதிகாரி.

"பெருசா ஒண்ணுமில்லை மேடம். ஒருநாள் வேலை முடிஞ்சு பசியோட வந்தேன். என் சாப்பாட்டுத் தட்டு நிறைய பட்டன் கொட்டி வெச்சிருந்தா. 'இது வீடா, கடையா?'ன்னு கத்திட்டேன்."

"அதுக்கு இவங்க?"

"'கடைதான். வீடு வேணும்னா என் அக்கா வீடு இருக்கு'ன்னு பையைத் தூக்கிட்டுப் போயிட்டா. மறுநாள் டாண்ணு ஒன்பது மணிக்கு வந்து கடையைத் திறந்தா. என்னை வாட்ச்மேனைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு உள்ளே போனா."

"திரும்பி வான்னு கூப்பிட வேண்டியதுதானே?"

"தினமும் வாய் வரைக்கும் வரும் மேடம். அதுக்குள்ள மிஷின் சத்தம் ஆரம்பிச்சிடும்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வீடு வீடாவே இல்லை."

"கூப்பிடாம நான் எப்படிப் போறது? எனக்கும் ரோஷம் இருக்கு" என்றாள் டெய்லர், வரைபடத்திடம்.

"உங்க ரோஷத்துக்கு இதுல கலர் கிடையாதும்மா." அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். "ரெண்டே வழி. ரெண்டு தெரு தள்ளி சிவப்புல கடை பிடிங்க, எங்க வேணும்னாலும் தூங்குங்க. இல்லையா, மஞ்சள்லயே இருங்க. ஆனா சமையல், படுக்கை எல்லாம் அந்த வீட்டுலதான். நான் சொல்லாம கொள்ளாம வந்து பார்ப்பேன்."

"சிவப்புக்கு என் வாடிக்கை வராது." டெய்லர் பெருமூச்சு விட்டாள். "சட்டம் சொல்றப்ப என்ன பண்றது, போய்த்தான் ஆகணும். நானா போகலை, அதை மட்டும் எழுதிக்குங்க."

"சட்டம்னா சட்டம்தான்" என்றான் கணவன். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. ஆள் ஊமை மாதிரி இருந்துகொண்டு பலே வேலை செய்திருக்கிறான். கண்டுகொள்ளாமல் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார்.

அனுமதித் தாளை டெய்லர் வாங்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவன் மேசை மேல் குனிந்தான்.

"மேடம், அந்த லெட்டரை எழுதினது யாருன்னு மட்டும் சொல்லுங்க. நாலு மாசமா எனக்குத் தோணாதது அவருக்குத் தோணியிருக்கு. கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும். எழுத்தையாவது காட்டுங்களேன்."

"அப்போ நீங்க எழுதலையா?"

"எனக்கு இந்த மஞ்சளும் சிவப்பும் இன்னைக்குத்தான் தெரியும் மேடம்."

அதிகாரி கடிதத்தைச் சட்டென்று ஃபைலுக்குள் வைத்து மூடினார். "காட்டக் கூடாது. போங்க, போய் அக்கா வீட்டுல பெட்டியை எடுத்துக்குங்க."

அவன் வண்டியை எடுக்க ஓட்டமாக ஓடினான். வாசல் வரை போன டெய்லர், அவன் படியிறங்கும் சத்தம் ஓயும் வரை நின்றாள். பிறகு மேசைக்குத் திரும்பி வந்தாள்.

"அந்த லெட்டரை அவர் எப்ப வந்து கேட்டாலும் காட்டிடாதீங்க மேடம்" என்றாள் தணிந்த குரலில். "என் எழுத்து அவருக்கு நல்லாத் தெரியும்."