குடைக்காரிக்கு வசனம்

“எனக்கு வசனம் வேணும், சார்.”

பாடகர்களை வளர்த்து நடிக்கவும் வைக்கும் அந்தக் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கே, போரமின் பாட்டுக்குழுவில் மூத்தவள் அவள் காதில் ஓதியிருந்தாள். சோறு கேள், தூக்கம் கேள், வசனம் மட்டும் முதலாளியிடம் கேட்டுவிடாதே என்று. போரம் கேட்டே விட்டாள்.

முதலாளி சோன், ஐஸ் காப்பியை உறிஞ்சுவதை நிறுத்தவில்லை. “அதான் ஒண்ணு இருக்கே.”

“‘ம்’ங்கிறது வசனமா சார்? பத்து எபிசோடுலயும் அவனுக்குக் குடை பிடிக்கிறேன். மழையே இல்லாத சீன்ல கூட.”

அந்த ‘அவன்’, ஊரே கொண்டாடும் இன்னொரு பாட்டுக்குழுவின் பையன். இணையத்தில் பத்துப் பத்து நிமிடமாக வரப்போகும் அந்தக் காதல் தொடரையே அவனுக்காகத்தான் எடுத்தார்கள். போரம் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, அதுவும் நாடகத்தில். நாலு வருடம் அழவும் சிரிக்கவும் படித்துவிட்டு, குடைக்கம்பியோடு கம்பியாக நின்றுகொண்டிருந்தாள்.

வசனம் நடிப்பால் கிடைப்பதில்லை, ரசிகர்களால் கிடைப்பது என்று சோன் விளக்கினார். அவனுக்குப் படப்பிடிப்புக்கே ரசிகைகள் காப்பி வண்டி அனுப்புகிறார்களாம்.

“உனக்கு யாராச்சும் ஒரு பன்னாவது அனுப்பியிருக்காங்களா?”

அப்போது காரியதரிசி ஓடிவந்து ஜன்னல் திரையை விலக்கினாள்.

கீழே வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லாரி. அதன் பக்கவாட்டு மின்திரையில் சிவப்பு எழுத்து ஓடியது: ‘போரமுக்கு வசனம் கொடு. குடையை முதலாளி பிடிக்கட்டும்.’

சியோலில் பேய்க்குப் பயப்படாத கம்பெனிகூட, கோபம் வந்த ரசிகர்கள் வாடகைக்குப் பிடித்து வாசலில் நிறுத்தும் லாரிக்குப் பயப்படும். தெருவில் போனவர்கள் நின்று சிரித்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“நேத்துதானே முன்னோட்டம் விட்டோம், அதுக்குள்ளயா?” சோன் காப்பியைக் கீழே வைத்தார்.

மூன்று வசனம் என்றார். போரம் ஜன்னல் வழியே லாரியை எட்டிப் பார்த்தாள். ஆறு என்றார். அழுகைக் காட்சி ஒன்றையும் சேர்த்தார். அவள் எதிரிலேயே கதாசிரியருக்குப் போன் போட்டு உறுதி செய்தார். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நீயே போய் அவங்ககிட்டப் பேசி லாரியை எடுக்கச் சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாங்க.”

“இன்னைக்கு எடுத்துடுவாங்க, சார்.”

குனிந்து வணங்கிவிட்டு வெளியேறினாள். அடுத்து என்ன என்பதை உள்ளே வரும் முன்பே முடிவு செய்தாகிவிட்டது.

லாரியைச் சுற்றிப் போய், கதவைத் திறந்து ஓட்டுநரின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஆறு வசனம், ஒரு அழுகை. ரசிகர்கள் அனுப்பினதுன்னே நம்பிட்டார். வண்டியை எடுங்க அப்பா. நாளைக்கு வரும்போது ‘கதாநாயகி வேஷம் கொடு’ன்னு மாத்திப் போட்டுடுங்க.”