வாயில்லாத நடுவர்

ஆற்றங்கரையில் முதலைக்கும் கொசுவுக்கும் யார் வாய் உசத்தி என்று சண்டை.

"நான் கவ்வினா எருமை எலும்பே நொறுங்கிடும்" என்றது முதலை.

"நான் உறிஞ்சி முடிச்ச பிறகுதான் ஆள் சொறியவே ஆரம்பிப்பான், அண்ணே" என்றது கொசு.

கூட்டைவிட்டு அன்றுதான் வெளியே வந்த பட்டுப்பூச்சியை நடுவராக்கின. அதற்கு வாயே கிடையாது. யார் பக்கமும் பேசாது என்று இரண்டுக்கும் நம்பிக்கை.

அப்போது கொசுவுக்குப் பின்னால் ஒரு தவளை வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்த பட்டுப்பூச்சி பதறிப்போய்ச் சிறகைப் படபடவென்று அடித்தது.

"பாத்தீங்களா அண்ணே, எனக்குத்தான் கைதட்டு" என்று கொசு நிமிர்ந்து நின்றது.

தவளையின் நாக்கு வந்து போனது. கொசுவைக் காணோம்.

பட்டுப்பூச்சி இன்னும் வேகமாகச் சிறகை அடித்தது.

"போதும் நடுவரே" என்றது முதலை. "எனக்கே கூச்சமா இருக்கு."