எட்டாவது மீன்

சாயப்பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தில் மருதாசலத்துக்கு இரண்டு வேலை. சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்வது ஒன்று. அது சுத்தமாகிவிட்டதற்குச் சாட்சியாக, அதே தண்ணீரை நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் ஒரு மீனைச் சாகாமல் வைத்திருப்பது இன்னொன்று. முதல் வேலை சரியாக வராததால் இரண்டாவதும் வரவில்லை. ஏழு மீன்களைப் புதைத்தபின், தான் குடிக்கும் கேன் தண்ணீரையே தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தான். எட்டாவது மீன் இரண்டு வருடமாக இருக்கிறது. அதைக் காட்டித்தான் போன முறை அனுமதியைப் புதுப்பித்தார்கள். பட்டறையிலேயே சம்பள உயர்வுக்குத் தகுதியான ஆள் அது ஒன்றுதான் என்று மருதாசலம் மனைவியிடம் சொல்வான்.

இன்று சோதனைக்கு வந்த மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி புதியவர். தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"மீனு கொழுகொழுன்னு இருக்கே. எந்தத் தண்ணி?"

"நம்ம தண்ணிதானுங் மேடம்," என்றார் மேலாளர். "தாராளமா குடிக்கலாமுங்."

"குடிக்க வேண்டாம். சுத்தம் பண்ணின தண்ணி வர்ற அந்தக் குழாய்ல புடிச்சு, என் கண் முன்னால தொட்டியில மாத்துங்க."

மேலாளர் சிரித்த முகம் மாறாமல் திரும்பினார். "மாத்தப்பா. என்ன ரோசனை?"

மாற்ற மாட்டேன் என்றால் நாளைக்கே பட்டறைக்குப் பூட்டு. அறுபது பேர் வெளியே, முதல் ஆளாக மருதாசலம். குழாயில் பிடித்த தண்ணீர் பார்வைக்குப் பளிங்குபோல இருந்தது. ஏழு முறையும் அப்படித்தான் இருந்தது.

வாளியோடு அவன் நெருங்கியதும் மீன் மேலே வந்து, வழக்கம்போலத் தீனிக்கு வாயைத் திறந்தது.

"இரு சாமி," என்றான் மெதுவாக. "நான் பாத்துட்டுத் தாரேன்."

வாளிக்குள் கையைவிட்டு ஒரு கை தண்ணீர் அள்ளி, வாயருகே கொண்டுபோனான்.