பிரிசில்லாவின் மூக்கு

வின்சென்ட் யூடியூபில் ஆண்களுக்கான சென்ட்டுகளை மதிப்பிடுகிறவன். எல்லாவற்றுக்கும் ஒரே சோதனைதான். தொம்மலூர் வீட்டு ஹாலில் மனைவி பிரிசில்லா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அவன் உள்ளறையில் சென்ட்டை அடித்துக்கொண்டு அவளைத் தாண்டி நடப்பான். வாசனை எப்படி வருகிறதென்று அவள் சொல்வது போனில் பதிவாகும். அவள் மூக்கு இதுவரை தப்பியதில்லை.

இன்றைக்கு ஐரிஸ் பூவும் ஆம்பர் பிசினும் கலந்த விலையுயர்ந்த சென்ட். பெட்டியின் பிளாஸ்டிக் உறை பிரிய மறுத்தது. கத்தரிக்கோல் கேட்க அவன் அறை வாசலுக்கு வந்தான்.

"வந்துடுச்சு," என்றாள் பிரிசில்லா, கண்ணைத் திறக்காமல். "மொதல்ல சில்லுனு, பவுடர் மாதிரி. அதான் ஐரிஸா?"

அவன் இன்னும் ஹாலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

"இப்போ ஆம்பர். ஒடம்புச் சூட்டோட வருது. நல்லாத்தான் இருக்கு, ஆனா இவ்ளோ கிட்ட வேணாம்."

கூப்பிட வாயெடுத்தான்.

அதற்குள் அவள் தோளைக் குலுக்கினாள். "கைய எடுங்க. டிரெஸ்ல ஒட்டிக்கும்."

வின்சென்ட் தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் பிரிக்காத பெட்டியை இறுகப் பிடித்திருந்தன. அவள் தோளில் சுடிதார் துணி இன்னும் அழுந்தியே இருந்தது.