அளக்காத வளையம்

தங்கை எப்சிபா போட்டியில் சுடும் தோட்டாக்களை ஜெபராஜ்தான் தயாரிப்பார். பித்தளைக் கூட்டின் கழுத்து குண்டை இறுகப் பிடிக்க, கழுத்தை அளந்து அதற்கேற்ற வளையத்தால் நெருக்க வேண்டும். இந்த முறை வாங்கிய கூடுகள் மெல்லிசு; அவற்றுக்கு இன்னும் சிறிய வளையம் வேண்டும். அவரோ அளக்காமல், வழக்கமான வளையத்தையே போட்டுவிட்டார். இறுதிச் சுற்றில் அவள் சுட்டவையெல்லாம் இலக்கை விட்டுச் சிதறிப்போயின.

“என் கைதான் நடுங்கிருச்சு,” என்று எல்லோரிடமும் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஜெபராஜ் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டினார். “வளையம் தப்பு எப்சி. நான் அளக்கல.”

அவள் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முதல் தோட்டாவக் கையில எடுத்தப்பவே குண்டு ஆடுச்சுண்ணே.”